கட்டைவிரல் பதிந்த இலை

என் அண்ணிக்கு உலகத்தில் உள்ள எல்லா மூக்குக்கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும். யாராவது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நலம் விசாரித்து, காலை நீட்டுவதற்குள் அவர்கள் மூக்கில் இருந்த கண்ணாடி அவள் கைக்கு வந்துவிடும். "ஒரு நிமிஷம் குடுங்க" என்பாள். கேட்பது பேருக்குத்தான். வந்தவர் பாதிக் குருடாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, அண்ணி 'ஹா' என்று ஒரு ஊது ஊதி, தோளில் கிடக்கும் மெல்லிய துணியை எடுத்து, கட்டைவிரலால் ஒரு சுழற்று சுழற்றுவாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. அதற்கப்புறம் அவளே மாட்டியும் விடுவாள். அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர், "அட, வீட்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது உண்டு.

அது அவள் தொழில். பெரிய கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் விளக்கு, அலமாரி, சிரித்த முகத்தோடு இரண்டு பெண்கள். பின்னறையில் அண்ணி. லென்ஸை பிரேமின் அளவுக்கு ஓரம் தேய்க்கிற இயந்திரம், தண்ணீர் தெளித்துக்கொண்டே சுற்றும் அதன் கல், எறும்பு தூக்கிப்போகிற அளவுக்குச் சின்னத் திருகுகள், அவற்றைப் பிடிக்க ஒரு இடுக்கி, கண்ணில் செருகிக்கொள்ள ஒரு பூதக்கண்ணாடி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அறைதான் அவள் ராஜ்யம். எல்லாம் முடிந்து கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்து உறையில் போடுவதை மட்டும் வேறு யாரிடமும் விடமாட்டாள். ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் அவளுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

என் அண்ணன் குழாய் வேலைக்காரன். அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் போகிற குழாய் ஒருநாள் பிடுங்கிக்கொள்ள, அதைச் சரிசெய்யப் போனவன், வேலையைப் பார்க்காமல் மேஜை மேல் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறான்.

"அதுல கை வைக்காதீங்க" என்றாளாம் அண்ணி.

"எதுல?"

"எதுலயும்."

இதுதான் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு. அண்ணன் இதை எத்தனை பேரிடம் சொன்னான் என்று எனக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலச் சிரிப்பான். பிறகு எதற்காகவோ அந்தக் கடைக்குழாய் மாதாமாதம் பழுதானது. கடைசியில் முதலாளியம்மாவே, "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்குங்க, என் குழாயை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் கீழே, இரண்டு அறையும் ஒரு சமையலறையுமான வீட்டில். நானும் என் வீட்டுக்காரரும் மாடியில். நான் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறேன். வீட்டுக்காரர் லாரியில் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் எல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் பேசப் போவதில்லை.

அண்ணன் தொட்ட இடமெல்லாம் தடம் விடுகிற ஆள். குழாய்க்குப் போடுகிற பசையும் துருவும் கையில் எப்போதும் இருக்கும். ஃபிரிஜ் கதவு, சுவிட்சுப் பலகை, குடிக்கிற டம்ளர், முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாவற்றிலும் அவன் விரல் இருக்கும். அவன் பின்னாலேயே துணியோடு அண்ணி இருப்பாள். "இவ வீட்டுல கொலையே நடந்தாலும் போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்காது" என்பான் அண்ணன். வேண்டுமென்றே துடைத்த இடத்தில் மறுபடி கையை வைப்பான். அவள் கத்துவாள். எங்கள் மாடிக்கு இந்தச் சத்தம் காலையில் அலாரம் மாதிரி. நானும் பலமுறை, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தத்துக்கு என்ன கொடுக்கவும் தயார். ஆனால் வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கிளம்பினோம், மூன்று பேருமாக. டிக்கெட் கிடைக்கவில்லை. கிளம்பியது கிளம்பியாயிற்று, சும்மா திரும்ப வேண்டாம் என்று பக்கத்துத் தெருவில் இருந்த செடிக்கடைக்குள் நுழைந்தோம். அங்கேதான் அண்ணி அதைப் பார்த்தாள். ஒரு சின்ன மண்தொட்டியில் ரோஜாப்பூ மாதிரி விரிந்திருந்தது, ஆனால் பூ இல்லை. எல்லாம் இலை. தடித்த, சதைப்பிடிப்பான இலைகள் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக அடுக்கி வைத்தது போல இருந்தன. மேலே முழுக்க முகத்துக்குப் பவுடர் அடித்த மாதிரி நீலம் கலந்த வெள்ளை. செடிக்கடைக்காரர் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். அண்ணி கையை நீட்டியதும் பதறிப்போய்,

"தொடாதீங்கம்மா! இந்த மாவு இருக்கு பாருங்க, இதுதான் அதுக்குக் குடை. வெயிலு, மழை ரெண்டுக்கும் இதுதான் காவல். ஒரு தடவை அழிஞ்சா அந்த இலையில மறுபடி வராது. தொட்டா தொட்டதுதான்" என்றார். தண்ணீர்கூட மேலே படாமல் மண்ணில்தான் ஊற்ற வேண்டுமாம்.

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. தொட்டால் அழுக்காகும் என்று இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு முதல்முறையாக ஒரு செடி துணைக்கு வந்திருக்கிறது.

என் அண்ணனிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லவே கூடாது. செடிக்கடைக்காரர் பேசி முடிக்கவில்லை, இவன் குனிந்து, நடுவில் இருந்த ஒரு இலையில் கட்டைவிரலை வைத்து நன்றாக ஒரு அழுத்து அழுத்தினான். "யாரு வீட்டுச் செடின்னு அடையாளம் வேணும்ல?" என்றான்.

அண்ணி அந்தத் தெருவிலேயே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். வேறு தொட்டி வேண்டும் என்றாள். அந்த ஜாதியில் இருந்தது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலில் வைத்தபோது, கறைபட்ட இலை வெளிப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தாள். ஆனால் அந்தச் செடி வெயில் இருக்கிற பக்கமாகச் சாய்ந்துவிடும். நேராக நிற்க வேண்டுமானால் தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்பியாக வேண்டும். அதனால் அந்த இலை நகர்ந்து நகர்ந்து உள்பக்கம் வந்துவிடும். அது அண்ணியைப் பார்த்து நிற்கிற வாரம் முழுக்க அண்ணனுக்குத் திட்டு விழும். அண்ணன் அந்தச் செடிக்குச் சீமாட்டி என்று பேர் வைத்தான். "என்ன, சீமாட்டி குளிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் டீ குடிக்க வருவான்.

அண்ணி அதை வளர்த்ததைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்தால்தான் தண்ணீர். அதுவும் கண்ணாடிக் கடையில் பசை விடுகிற, நீண்ட மூக்குள்ள சின்னக் குப்பியால், இலையில் ஒரு துளி படாமல். அடியில் காய்ந்து காகிதமாகிற பழைய இலைகளை இடுக்கியால் எடுத்துப்போடுவாள், இல்லாவிட்டால் அதற்குள் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி குடிவந்துவிடும். நடுவில் புது இலை எட்டிப் பார்த்தால் மாடி வரை குரல் வரும், எனக்குக் காட்ட.

அப்படி இருந்தபோதுதான் அண்ணன் போனான். புதிதாகக் கட்டுகிற ஒரு கட்டடத்தில், கை கழுவுகிற தொட்டிக்கு அடியில் குனிந்து குழாய் பொருத்திக்கொண்டிருந்தான். மாரடைப்பு. பக்கத்தில் ஓடு பதித்துக்கொண்டிருந்தவர்கள், அவன் இன்னும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, ரொம்ப நேரம் கூப்பிடவே இல்லை.

அண்ணி அழவில்லை. வந்த சொந்தக்காரர்கள் அதைக் கவனித்துக் காதோடு காதாகப் பேசினார்கள். எல்லாரும் போன பிறகு அவள் வாளியில் தண்ணீர் எடுத்து, வீட்டை மேலிருந்து கீழ்வரை கழுவ ஆரம்பித்தாள். கதவு, ஜன்னல், அலமாரி, சுவிட்சு, கண்ணாடி, டம்ளர், ஒன்று விடாமல் துடைத்தாள். ஏதாவது செய்துகொண்டிருந்தால் நல்லது என்று நானும் வாளி பிடித்துக் கொடுத்தேன். வீடு பளபளவென்று ஆனது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கீழே அண்ணி அலறுகிற சத்தம் கேட்டு நான் இறங்கி ஓடினேன். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று பயம். அவள் ஜன்னல் பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் கடைப் பூதக்கண்ணாடி.

"மூச்சை அடக்கிக்கிட்டு வா" என்றாள்.

அத்தனை நாளும் சீமாட்டியை மறந்தே போயிருந்தாள். தண்ணீர் இல்லாமல் இலைகள் சுருங்கியிருந்தன. தண்ணீர் விட வந்தவள் கண்ணில் அந்த இலை பட்டிருக்கிறது. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். பார்த்தேன். வெள்ளை மாவில் சுழி சுழியாக ரேகை, ஒரு வரி கலையாமல். குறுக்கே சாய்வாக ஒரு கோடு, அதில் மட்டும் ரேகை இல்லை. சின்ன வயசில் இரும்பு அறுக்கிற ரம்பம் பட்ட தழும்பு அது. அன்றைக்கு அவன் கையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. அண்ணி என் வாயைப் பொத்தி, என்னை ஜன்னலை விட்டு இழுத்தாள். கண்ணீர் இலையில் தெறித்துவிடக் கூடாதாம்.

"வீடு பூரா தேடிட்டேன்" என்றாள். "கதவு, டம்ளர், அவர் பைப் ரெஞ்சு, எதுலயும் இல்ல. எல்லாத்தையும் நானே துடைச்சிட்டேன். இது ஒண்ணுதான் இருக்கு."

அதற்கப்புறம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போய்விட்டது. அந்த இலையை இழந்துவிடக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் செடி வளர்கிற விதம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புது இலை எப்போதும் நடுவில் வரும். வர வர, பழையது வெளியே வெளியே தள்ளப்பட்டு, கீழ்ச்சுற்றுக்குப் போய், மஞ்சளாகி, காய்ந்து, காகிதமாகிவிடும். அப்படி விழுந்த இலைகளை எத்தனையோ தடவை அவளே எடுத்துப் போட்டிருக்கிறாள். நாங்கள் பார்த்த அன்று அண்ணனின் இலை பாதி வழியில் இருந்தது.

என்னையும் இழுத்துக்கொண்டு செடிக்கடைக்குப் போனாள்.

"இது வளராம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

செடிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "என்னம்மா கேக்கறீங்க? எல்லாரும் வளரலைன்னுதான் இங்க வருவாங்க."

"ஒரு இலை மட்டும் விழாம இருக்கணும். தண்ணியைக் குறைச்சா?"

"குறைச்சா முதல்ல கீழ் இலையைத்தான் உறிஞ்சும். பட்டினி கிடந்தா அதுக்கு அதானே சாப்பாடு."

"நிறைய ஊத்தினா?"

"அழுகும். அதுவும் கீழ் இலைதான் முதல்ல. எப்படிப் போனாலும் கீழ் இலைதாம்மா போகும்." அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஒண்ணு பண்ணுங்க. அந்த இலையை அடியோட பக்குவமா பிடுங்கி மண்ணு மேல போட்டு வைங்க. அடியில குட்டி வரும்."

"அப்ப இலை?"

"அது சுருங்கிப் போயிடும். குட்டி அதைத் தின்னுதானே வளரும்?"

அண்ணி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் எடுக்கிற மாதிரி ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்துவிடலாமே என்றேன். அவள் கீழ் இலை ஒன்றில் தன் விரலை வைத்து, அதன்மேல் நாடாவை ஒட்டி எடுத்துப் பார்த்தாள். வெறும் மாவு வந்தது. ரேகை வரவில்லை. சரி, போட்டோ எடுத்துப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றேன். எடுத்தோம், நன்றாகவே வந்தது. அதைக் கையில் கொடுத்தேன்.

"இதுல அவர் கை பட்டிருக்கா?" என்று கேட்டாள்.

போட்டோவைத் திருப்பி வாங்கி அலமாரியில் வைத்தேன்.

மெல்ல மெல்ல அந்த வீடு அந்த ஒரு இலைக்காகவே இருப்பது போல ஆகிவிட்டது. எண்ணெய்ப் புகை படியும் என்று அடுப்பில் தாளிப்பதை, பொரிப்பதை எல்லாம் நிறுத்தினாள். கொஞ்ச நாளில் அடுப்பு மூட்டுவதையே நிறுத்திவிட்டாள். நான் பேக்கரியிலிருந்து கொண்டுவரும் ரொட்டிதான் மூன்று வேளையும். அதையும் முன்னறையில் வைத்துத்தான் தின்ன வேண்டும். காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவாள். சாத்தினால் வெளிச்சம் போதாமல் செடி கழுத்தை நீட்டுகிறது என்று திறப்பாள். திறந்தால் பல்லி வரும் என்று காவலுக்கு உட்காருவாள். வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். என்னைக்கூடச் சமையலறைக்குள் தனியாக விடமாட்டாள். எனக்கு இது பிடிக்கவில்லை. அவன் என் அண்ணன். ஆனாலும் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் நான் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் உள்ளே போனபோது, அவள் இடுக்கியை வைத்துக்கொண்டு செடியின் நடுவில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அப்போதுதான் கண்விழித்த குருத்தை, அரிசி அளவு இலைகளை, ஒவ்வொன்றாகப் பிய்த்து வெளியே போடுகிறாள். நடுவில் பச்சையாக ஒரு குழி. அதிலிருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"புது இலை வந்தாத்தானே பழசைத் தள்ளும்?"

"அது செத்துடும்!"

"சாகாது. அப்படியே நிக்கும்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? அவன் உங்களுக்குப் புருஷன் ஆகறதுக்கு முன்னாடியே எனக்கு அண்ணன். அவன் வாங்கிக் குடுத்த செடியை இப்படிச் சித்திரவதை பண்ண உங்களுக்கு யாரு உரிமை குடுத்தாங்க?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் தொட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள், நான் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்பது போல. அப்படி அவளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மேலே போய்விட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. ரொட்டியை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் நினைத்தது நடக்கவில்லை. குருத்து போனதும் செடி கொஞ்ச நாள் திகைத்தது போல நின்றது. பிறகு இலைகளுக்கு இடையே, பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிகளை விட்டது. கிள்ளக் கிள்ள, ஒன்று போனால் இரண்டு வந்தது. அதில் ஒரு குட்டி அண்ணனின் இலைக்கு நேர் மேலே முளைத்து, அதைக் கீழே அமுக்கியது.

அண்ணி மாடிப்படியில் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பண்ணாலும் வளருதுடி" என்றாள்.

நான் அவளை உள்ளே கூப்பிட்டு, முட்டை பொரித்துக் கொடுத்தேன். பறந்து பறந்து தின்றாள். நான் இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளியம்மா வந்தார். அண்ணி இடத்தில் வைத்த ஆள் ஓரம் தேய்க்கிற வேகத்தில் லென்ஸ் பிரேமில் உட்காராமல் பல்லிளிக்கிறதாம். வாடிக்கையாளர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியில் தடுக்கி விழுகிறார்களாம். "நீ வராட்டி என் கடையை மூட வேண்டியதுதான்" என்றார். அதில் பாதி பொய். ஆனால் நல்ல பொய். அண்ணி சமையலறையைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வேலை அவளைத் தேற்றியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் வரும்போது முகத்தில் ஒரு களை. கையில் பழைய சுறுசுறுப்பு. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து வந்த அன்று, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, "இதை வச்சுக்கிட்டா லாரி ஓட்டறீங்க? ரோட்டுல போறவங்க பாவம்" என்றாள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

இதற்கிடையில் அந்த இலை கீழ்ச்சுற்றுக்கு வந்துவிட்டது. ஓரம் மெலிந்து, லேசாகச் செம்மஞ்சள் ஏறியிருந்தது. ரேகை மட்டும் அப்படியே இருந்தது. இனி அதிக நாள் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். அண்ணி என்னைக் கீழே கூப்பிட்டாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சமையலறையில் ஒரு வாசனை. கடைக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டே, தொட்டியைத் திருப்பி வைப்பதற்காகக் கையில் எடுத்தாள். அந்த மனிதர் தன் கண்ணாடி தொலைந்துவிட்டது என்று கடையையே இரண்டாக்கி, முன்னால் நின்ற பெண்களைத் திருடி என்று திட்டித் தீர்த்தாராம். கண்ணாடி அவர் தலைமேல் இருந்ததாம். "நான் பின்னாலருந்து வந்து, தலையில இருந்து எடுத்து, துடைச்சு, மூக்குல மாட்டிவிட்டேன். மாட்டினதும் என்னைப் பாத்து, நல்லாத் தெரியுதும்மா, இது என்ன விலைன்னு கேக்கறாரு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். தோள் குலுங்க, பழைய மாதிரி. சிரித்துக்கொண்டே கையில் இருந்த தொட்டியை வெயிலுக்கு நேரே தூக்கினாள். கீழ் இலையில் கறை மாதிரி ஏதோ தெரிந்தது. 'ஹா' என்று ஒரு ஊது. துணியை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு சுழற்று.

"அண்ணி!" என்று நான் கத்தியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அவளுக்கு இன்னும் புரியவில்லை. கை பழக்கத்தில், துடைத்ததைச் சரிபார்க்க அதை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இலை பளபளவென்று மின்னியது. ஒரு பொட்டு இல்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குக்கூட நேரமாகியது.

"துடைச்சிட்டேன்" என்றாள்.

தொட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். அண்ணன் போன அன்று அழாதது, வீட்டைக் கழுவியபோது அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைத்தேன். ஆனால் அவள் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் துடைத்துவிட்டாளே என்று அவள்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. என் அண்ணன் கையை நான் இனி எங்கே போய்ப் பார்ப்பேன்? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க வா. உன் கையைக் குடு."

"எதுக்கு?"

"நீ அவர் தங்கச்சிதானே? அவர் ரத்தம்தானே?" தொட்டியை என் பக்கம் நீட்டினாள். ஒரு குட்டியின் நடுவில், அப்போதுதான் விரிந்த, மாவு கலையாத ஒரு இலையைக் காட்டினாள். "இதுல வை. நல்லா அழுத்தி வை. இது புது இலை. ரொம்ப நாள் இருக்கும். நான் பத்திரமாப் பாத்துக்கறேன்."

எத்தனையோ மாதமாக என்னைக் கிட்டே விடாதவள், இப்போது கெஞ்சிக்கொண்டு தொட்டியை நீட்டுகிறாள். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வைக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"நான் உயிரோடதானே அண்ணி இருக்கேன்? மேல்மாடியிலதான் இருக்கேன். கூப்பிட்டா இறங்கி வரப் போறேன். என்னை எதுக்கு இலையில வச்சுக் காப்பாத்தணும்?"

அவள் பிறகு தொட்டியைத் தரையில் வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையை இழுத்துத் தன் ஈரமான முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"செத்துட்டாரு இல்ல?" என்று கேட்டாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாம் அண்ணி" என்றேன்.